240 கிலோமீட்டர், ஒரு முற்பகல்: எப்போது கிளம்புவது, எங்கே நிற்பது, அன்றே திரும்பலாமா?

கேள்வி: எங்கள் நகரத்திலிருந்து 240 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இன்னொரு நகரத்தில், வரும் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு உறவினர் வீட்டு நிகழ்ச்சி. நான், என் மனைவி, ஏழு வயது மகள், எழுபது வயதைக் கடந்த என் தாயார் ஆகிய நால்வரும் சொந்தக் காரில் செல்ல இருக்கிறோம். எங்களில் வண்டி ஓட்டத் தெரிந்தவன் நான் மட்டுமே. நேற்று இரவு பத்து மணிக்கு வரைபடச் செயலியில் பார்த்தபோது நான்கு மணி நேரம் என்று காட்டியது. காலை எட்டரைக்குக் கிளம்பினால் போதுமா? மகளுக்குக் காரில் குமட்டல் வருவதுண்டு. மாலை ஐந்தரைக்குப் புறப்பட்டு அன்றே வீடு திரும்பவும் உத்தேசித்திருக்கிறோம். இவ்வளவு தூரம் குடும்பத்தோடு ஓட்டிச் செல்வது இதுவே முதல் முறை. என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: எட்டரை போதாது. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கூடுதல் கவலை தருவது, கடைசியில் போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் மாலைப் பயணம்தான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் காலைக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

செயலி காட்டிய நான்கு மணி நேரம், நீங்கள் அதைப் பார்த்த அந்த இரவு பத்து மணிக்கே கிளம்பியிருந்தால் ஆகக்கூடிய நேரம். வேலைநாளின் காலையில் அதே சாலை வேறொரு சாலையாகிவிடும். பெரும்பாலான வரைபடச் செயலிகளில் புறப்படும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே குறிக்கும் வசதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்கால், ஏழரை, எட்டரை என்று மூன்று நேரங்களைக் கொடுத்துப் பாருங்கள். சில நேரங்களில் அரை மணி தாமதமாகக் கிளம்புவது பயண நேரத்தில் இன்னோர் அரை மணியைச் சேர்த்துவிடும் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். இத்தகைய பயணத்தில் நேரத்தை விழுங்குவது நடுவில் உள்ள நெடுஞ்சாலையைவிட, இரு முனைகளிலும் உள்ள நகரப் பகுதிகளே. மேலும், செயலி சொல்வது சக்கரம் சுழலும் நேரத்தை மட்டும்தான். நீங்கள் இறங்கி நிற்கும் நேரத்தை அது சேர்ப்பதில்லை.

ஆகவே, போய்ச்சேர வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஒரு மணி நிகழ்ச்சிக்கு, வண்டியை நிறுத்தவும் முகம் கழுவி உடை மாற்றவும் முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டால், பன்னிரண்டே காலுக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலைக்குச் செயலி நாலேகால் மணி நேரம் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். எட்டு மணி ஆகிறது. வழியில் இரண்டு நிறுத்தங்களுக்கு முக்கால் மணி நேரத்தைக் கழித்தால் ஏழே கால். சாலைப் பணி, ஒரு விபத்தால் ஏற்படும் நெரிசல், ஒரு தவறான திருப்பம் ஆகியவற்றுக்காக ஓட்டும் நேரத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய அரை மணி நேரத்தை ஒதுக்கினால் ஆறே முக்கால். அந்த நேரத்தில் வண்டி வாசலைவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். இதே கணக்கில் எட்டரைக்குக் கிளம்பினால், வழியில் எந்தத் தடையும் இல்லாவிட்டாலும்கூட ஒன்றரைக்குத்தான் போய்ச்சேர்வீர்கள்.

விட்ட நேரத்தை வேகத்தில் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வருவதுதான். உங்கள் பயணத்தில் 200 கிலோமீட்டர் நெடுஞ்சாலை என்று கொண்டால், அதை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க இரண்டரை மணி நேரமும், 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க இரண்டு மணி நேரமும் ஆகும். மிச்சமாவது அரை மணி நேரம். அதுவும் ஒரு நொடிகூட வேகம் குறையாமல் ஓட்டினால்தான், அது எந்தச் சாலையிலும் நடப்பதில்லை. ஆனால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 80-லிருந்து 100-க்குப் போகும்போது அந்தத் தூரம் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. காற்றின் எதிர்ப்பும் அதே விகிதத்தில் ஏறுவதால் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். அந்த அரை மணி நேரத்தைப் படுக்கையிலிருந்து சற்று முன்னதாக எழுந்து எடுத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

நிறுத்தங்களை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பதினைந்து நிமிடம் இறங்கி நிற்க வேண்டும் என்பது ஓட்டுநர்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. குழந்தையும் முதியவரும் உடன் வருவதால் முதல் நிறுத்தத்தை ஒன்றரை மணி நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை உள்ள, சாலையைக் குறுக்கே கடக்கத் தேவையில்லாதபடி நீங்கள் செல்லும் பக்கத்திலேயே அமைந்த இடங்கள் இரண்டை முதல் நாளே வரைபடத்தில் தேர்ந்து குறித்துவையுங்கள். ஒன்று மூடியிருந்தால் போவதற்கு மாற்றாக மூன்றாவது ஒன்றும் இருக்கட்டும். பதினைந்து நிமிடம் என்று நினைத்து நிறுத்துவது நான்கு பேர் இறங்கி ஏறும்போது இருபத்தைந்து நிமிடம் ஆகும். மேலே முக்கால் மணி நேரம் என்று நான் எடுத்துக்கொண்டது அதனால்தான்.

இங்கே உங்கள் தாயாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயதானவர்களில் பலர், வழியில் கழிப்பறைக்காக வண்டியை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று எண்ணி, காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்துவிடுகிறார்கள். அதை வெளியில் சொல்வதும் இல்லை. நான்கு மணி நேரத்துக்கும் மேலாக அசையாமல் உட்கார்ந்திருப்பது காலின் ஆழத்தில் உள்ள இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுகிறது. உடலில் நீர் வற்றிய நிலையில் தலைசுற்றலும் சேர்ந்துகொள்ளும். எந்தெந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிற்கப் போகிறீர்கள் என்பதை முதல் நாள் இரவே அவரிடம் சொல்லிவிடுங்கள். நிற்பது உறுதி என்று தெரிந்தால் அவர் தயங்காமல் தண்ணீர் குடிப்பார். இறங்கியதும் ஐந்து நிமிடமாவது அவரை மெல்ல நடக்கச் சொல்லுங்கள்.

மகளின் குமட்டலுக்குக் காரணம், உடல் நகர்வதாகக் காதின் உட்பகுதி மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்க, புத்தகத்தையோ கைபேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் எதுவும் நகரவில்லை என்று சொல்வதுதான். இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கே இது அதிகம் வருகிறது. முன்கண்ணாடி வழியே தொலைதூரச் சாலை தெரியும்படி பின் இருக்கையில் அவளை உட்காரவையுங்கள். திரையும் புத்தகமும் வேண்டாம். வெறும் வயிற்றோடும் வேண்டாம், வயிறு நிறையவும் வேண்டாம். எண்ணெய் குறைந்த சிற்றுணவு போதும். வளைவுகளில் நீங்கள் வண்டியை எவ்வளவு நிதானமாகத் திருப்புகிறீர்கள் என்பதும் அவள் வயிற்றைத் தீர்மானிக்கும். மருந்து தேவைப்பட்டால் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் நேரத்தில், கிளம்புவதற்கு முன்பே கொடுங்கள். குமட்டல் தொடங்கியபின் கொடுத்துப் பெரிய பயன் இல்லை. அம்மருந்துகளில் பல தூக்கத்தை உண்டாக்குபவை என்பதால், ஓட்டும் நீங்கள் அவற்றைத் தொடவே கூடாது. காரின் சீட் பெல்ட் பெரியவர்களின் உடலளவுக்கு அமைந்தது. பல நாடுகளில் 135 அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் எட்டும்வரை குழந்தைக்கு உயர்த்தும் இருக்கை கட்டாயம். ஏழு வயதுக் குழந்தைக்கு அது தேவைப்படும். அது இல்லையென்றால் பட்டை கழுத்தையும் வயிற்றையும் அழுத்தும்; அது தோளின் மேலும் இடுப்பெலும்பின் மேலும் படிந்திருக்க வேண்டும்.

வண்டியைப் பொறுத்தவரை, பெரிய சர்வீஸ் எல்லாம் வேண்டாம். டயரை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பாருங்கள். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ கதவின் விளிம்பிலோ ஒட்டியிருக்கும் தகட்டில், அல்லது வண்டியுடன் வந்த கையேட்டில், இருவர் செல்லும்போது எவ்வளவு, முழுச் சுமையோடு செல்லும்போது எவ்வளவு என்று தனித்தனியே தரப்பட்டிருந்தால், நால்வரும் பெட்டிகளும் ஏறும் உங்கள் வண்டிக்கு இரண்டாவது அளவுதான் பொருந்தும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன், அதாவது சாலையைத் தொடும் மேற்பரப்பின் வரிகள், நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பானரும் டிக்கியில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். எரிபொருளை முதல் நாள் மாலையே நிரப்பிவிடுங்கள். மின்சாரக் காராக இருந்தால், நெடுஞ்சாலை வேகத்தில் தூரம் குறையும் என்பதையும், 80 விழுக்காட்டுக்கு மேல் வேக மின்னேற்றம் மெதுவாகிவிடும் என்பதையும் கணக்கில் கொண்டு, மின்னேற்ற நிலையத்தையே ஒரு நிறுத்தமாக அமைத்துக்கொள்ளலாம்.

சாமான்களை அடுக்கும்போது, ஓட்டுநரின் காலடியில் எதுவும் உருண்டு வராதபடி பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பயணத்தில், பின்னால் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் என் இருக்கைக்கு அடியில் உருண்டு வந்து பிரேக் மிதியின் பின்னால் சிக்கிக்கொண்டது. முன்னால் சென்ற வண்டி வேகம் குறைத்தபோது நான் மிதித்தேன். மிதி பாதி தூரம் இறங்கி, பிளாஸ்டிக் நசுங்கும் சத்தத்தோடு நின்றது. இன்னொரு முறை முழுப் பலத்தோடு மிதித்ததில் பாட்டில் நழுவி விலகியதால் தப்பினேன். அன்று முதல், என் வண்டியில் பாட்டில்கள் கதவுப் பைகளில் மட்டும்தான் இருக்கும்.

இனி, மாலைப் பயணம். ஆறே முக்காலுக்குக் கிளம்ப நீங்கள் ஐந்து மணிக்கு எழுந்திருப்பீர்கள். மாலை ஐந்தரைக்குப் புறப்பட்டால், நிறுத்தங்களோடு சேர்த்து வீடு சேரும்போது இரவு பத்தரை. விழித்து 17 மணி நேரம் ஆன ஒருவரின் கவனமும் எதிர்வினையும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருடையதைப் போல மழுங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் அந்த அளவில் வண்டி ஓட்டுவதே குற்றம். ஐந்து மணிக்கு எழுந்த உங்களுக்கு அந்த 17 மணி நேரம் இரவு பத்துக்கு முடிகிறது. உங்கள் பயணமோ அதற்குப் பிறகும் அரை மணி நேரம் நீள்கிறது. பகல் முழுவதும் விருந்தும் பேச்சுமாகக் கழித்தபின், இருட்டில், எதிர்வண்டிகளின் வெளிச்சம் கண்ணைக் கூச, பின்னால் மூவரும் உறங்கிக்கொண்டிருக்க, நீங்கள் ஒருவர் மட்டும் விழித்திருக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் சொக்கினால் வண்டி 111 மீட்டர் தூரத்தை ஓட்டுநர் இல்லாமலே கடந்துவிடும்.

கண்ணாடியை இறக்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவா. கடந்த சில கிலோமீட்டர் எப்படிப் போனது என்று நினைவில்லை, வண்டி கோட்டின் மேல் ஏறி இறங்குகிறது, கொட்டாவி நிற்கவில்லை என்றால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் உறங்குவதுதான் வழி. காபி வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும் என்பதால், அதைக் குடித்துவிட்டு உடனே கண்ணை மூடினால் எழும்போது இரண்டின் பயனும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் இது நெருக்கடிக்கான உத்தி. இதை நம்பி ஐந்தரைக்குப் புறப்படக் கூடாது.

என் அழுத்தமான பரிந்துரை, அன்றிரவு அங்கேயே தங்கி மறுநாள் காலை திரும்புங்கள் என்பதே. கட்டாயம் அன்றே திரும்ப வேண்டுமென்றால், மூன்று மணிக்கு ஓர் அறையில் இருபது நிமிடம் படுத்து எழுந்து, மூன்றரைக்கு வண்டியை எடுத்துவிடுங்கள். எட்டரைக்கு வீட்டில் இருப்பீர்கள். பிற்பகல் இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் உடல் இயல்பாகவே சோர்வதால் அந்தச் சிறு உறக்கத்தைத் தவிர்க்காதீர்கள். சீக்கிரம் கிளம்புவோம் என்பதை உறவினர்களிடம் இன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டால், அன்றைக்கு வாசலில் நின்று "இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன்" என்பவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

அன்றே திரும்புவதாக முடிவெடுத்தாலும், ஆளுக்கொரு மாற்றுடையையும் தாயாரின் மறுநாள் காலை மாத்திரைகளையும் ஒரு சிறு பையில் போட்டு வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் நடுவழியில் கண் சொக்கும்போது பலர் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போவதற்குக் காரணம், காலையில் அம்மாவுக்கு மாத்திரை வேண்டுமே என்பது போன்ற சின்ன விஷயங்கள்தான். அந்தப் பை டிக்கியில் இருந்தால், வழியில் எந்த ஊரில் வேண்டுமானாலும் அறை எடுத்து நீங்கள் உறங்கலாம்.