நாற்பது நாளில் நாற்பது ஆல்பம்

கேள்வி: பாலக்கோட்டில் நாங்கள் ஆறு பேர். உலகம் கொண்டாடும் பழைய ஆல்பங்களில் நூறைப் பட்டியல் போட்டு, நாளுக்கு ஒன்று கேட்டு, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் நாலு வரிக் கருத்தும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். நாற்பது முடிந்துவிட்டது. பாதிக்கு மேல் 'சலிப்பு', 'பரவாயில்லை' என்றுதான் வருகிறது. கர்நாடக இசை கேட்பவரும் ராக் கேட்பவரும் முட்டிக்கொண்டதில் ஒருவர் விலகியும்விட்டார். ஒருவரிடம் இசைத்தட்டுக் கருவி இருக்கிறது, மற்றவர்கள் போனில் கேட்கிறோம். எங்கள் முறை தவறா, இல்லை அந்த ஆல்பங்களே அவ்வளவுதானா?
– ஒரு வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: முறைதான் தவறு. உங்கள் ஊர் தக்காளி மண்டியில் மேலே இருக்கும் நாலு பழத்தைப் பார்த்துவிட்டு மொத்தக் கூடைக்கும் விலை சொல்பவரை யாரும் மதிப்பதில்லை. அந்த வேலையைத்தான் நாற்பது நாளாகச் செய்திருக்கிறீர்கள்.

முதலில் வேகத்தைக் குறையுங்கள். வாரத்துக்கு ஓர் ஆல்பம் போதும். எல்பி எனப்படும் 12 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம், இரண்டு பக்கமும் சேர்ந்து 40, 45 நிமிடம். அதை ஒரே மூச்சில், வரிசை மாற்றாமல், பேசாமல், எழுதாமல் ஒரு முறை கேளுங்கள். இரண்டு நாள் இடைவெளி விட்டு, நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள். மூன்றாவது முறை வேண்டுமா என்பதை அந்த ஆல்பமே சொல்லிவிடும். ஓசூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் கேட்டதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்ஜின் உறுமல் தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். பேஸ் கிட்டாரும் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியும் போய்விட்டால் தாளத்தின் அடித்தளமே காதுக்கு வராது. அப்படிக் கேட்டவர் 'சலிப்பு' என்று எழுதுவது பஸ்ஸைப் பற்றிய கருத்து.

மதிப்பெண்ணை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒருவர் ஏழு போடுகிறார், இன்னொருவர் நாலு போடுகிறார். இந்த இரண்டு எண்களுக்கு நடுவே பேச என்ன இருக்கிறது? அதற்குப் பதில் இடத்தைச் சுட்டிச் சொல்லுங்கள்: எந்தப் பக்கம், எத்தனையாவது உருப்படி, எந்த நிமிடம், அங்கே என்ன நடக்கிறது, அது ஏன் பிடித்தது அல்லது உறுத்தியது. 'இரண்டாம் பக்கம் இழுவை' என்பதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. 'மூன்றாவது பாட்டில் நாலாவது நிமிடத்துக்குப் பிறகு தாளம் மாறாமல் அதே நாலு சுரம் சுற்றிச் சுற்றி வருகிறது' என்றால் அந்த இடத்தை அரை நிமிடம் ஓட்டிப் பார்த்து மற்றவர்கள் ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். இன்னொரு நல்ல கேள்வி: இந்த ஆல்பத்திலிருந்து ஒன்றை எடுக்கச் சொன்னால் எதை எடுப்பீர்கள், எடுத்தால் பக்கத்தில் இருப்பவை என்ன ஆகும்? முழுதாகக் கேட்காதவரால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

எல்லோரும் தனித்தனியே எழுதி முடித்த பிறகுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். குழுவில் முதலில் விழும் கருத்து மற்ற ஐந்தையும் தன் பக்கம் இழுத்துவிடும். அந்த வகை இசையில் பழக்கம் குறைந்தவர் முதலில் பேசட்டும், விவரம் தெரிந்தவர் கடைசியில் பேசட்டும்.

அடுத்தது, நீங்கள் கேட்டது எதை என்பது. போனில் பாட்டு வரிசையைக் கலைக்கும் ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் வாலில் அடுத்ததை ஏற்றும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வையுங்கள். உருப்படிகளுக்கு நடுவே இடைவெளி விழாத கேப்லெஸ் வசதி இருந்தால் அதைப் போட்டுவையுங்கள். பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவின் 1973 ஆல்பமான 'டார்க் சைடு ஆஃப் த மூன்' இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடிகிறது. நடுவில் பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. இடையில் ஒரு விளம்பரம் புகுந்தால் நீங்கள் கேட்டது வேறு பொருள். ஒரே இயர்போனை இரண்டு பேர் பகிர்ந்து கேட்பதும் வேண்டாம். 1960களின் ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஒருவர் காதுக்குக் குரலே வராது. அவர் 'பாடகர் எடுபடவில்லை' என்று எழுதுவார். ஒரே ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்டவரும் இடவலப் பிரிப்பைப் பற்றிப் பேசக் கூடாது.

எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் வந்தது. முதல் பக்கத்தைப் பதிந்தபோது டேப் இயந்திரம் மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் ஓட்டும்போது அந்தப் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சற்றே சுருதி ஏறிக் கேட்டன. 1992 மறுவெளியீட்டில்தான் அதைச் சரிசெய்தார்கள். பழைய தட்டைக் கேட்டவரும் புதிய பதிப்பைக் கேட்டவரும் 'பளிச்சென்று இருக்கிறது', 'கனமாக இருக்கிறது' என்று சண்டை போட்டால் இரண்டு பேர் காதும் சரியாகவே இருக்கலாம். சுருதிப் பெட்டியோடு பழகிய உங்கள் கர்நாடக இசை நண்பருக்குத்தான் இந்த வேறுபாடு முதலில் பிடிபடும். அவரை ராக் ரசிகர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் மேலானதுபோல் தோன்றும்.

இசைத்தட்டுக் கருவி வைத்திருப்பவருக்குத் தனியாக. தட்டின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். எல்பியின் வேகம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று; அந்த வேகத்தில் 3 நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று வர வேண்டும். 97, 98தான் வருகிறதென்றால் பெரும்பாலும் தட்டைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கும், எல்லாப் பாட்டும் சுருதி இறங்கித்தான் கேட்கும். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கருவியாக இருந்தால் அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்ததா என்று பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸில், மின்சாரத்தின் ஹெர்ட்ஸையே பின்பற்றிச் சுழலும் சின்க்ரனஸ் மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும்.

தட்டைப் போர் தண்ணீரில் கழுவாதீர்கள். நம் மாவட்டத்துத் தண்ணீரின் உப்பு, ஊசி ஓடும் பள்ளத்தில் காய்ந்து உட்கார்ந்து, பொரிகிற சத்தமாக வரும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். மெல்லிய துணியை நனைத்து, பள்ளம் போகும் போக்கில் வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டில் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். அதற்கு ஊசியும் வேறு; எல்பி ஊசி அந்த அகலமான பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும்.

தட்டின் உடல்வாகு தெரிந்தால் ஆல்பத்தின் வரிசையும் புரியும். 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உட்புறம் வரும்போது அது 21 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதே ஒலியைக் குறைந்த நீளத்தில் அடைக்க வேண்டியிருப்பதால் உரத்த பகுதிகள் அங்கே கரகரக்கும். பல ஆல்பங்களில் பக்கக் கடைசியில் அமைதியான உருப்படி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 10 அங்குல 78 தட்டில் பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். அதில் ஆலாபனையை அடக்கிய வித்வானை இரண்டு மணி நேரக் கச்சேரியோடு நிறுத்தி எடை போடுவது அநியாயம். நம் சினிமாப் பாட்டு கேசட்டுகளை இந்தப் பட்டியலில் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று வந்தவை ஏராளம். அவற்றில் வரிசையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பாட்டைப் பாட்டாகப் பேசுங்கள்.

பட்டியலை நிறுத்திவைத்துவிட்டு மூன்று வாரம் இப்படிச் செய்து பாருங்கள். முதல் வாரம் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம். கோயில் ஒலிபெருக்கியிலும் டீக்கடையிலும் ஆயிரம் முறை உங்கள் காதில் விழுந்திருக்கும். உட்கார்ந்து ஒரு முறை கேட்டிருக்கிறீர்களா? சுப்ரபாதம் 29 சுலோகம், ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களாசாசனம் 14. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களையும், ராகம் மாறும் இடங்களையும், உடன் பாடும் ராதாவின் குரல் எங்கே தனியாகத் தெரிகிறது என்பதையும் நிமிடத்தோடு குறியுங்கள். தெரிந்ததாக நினைத்த ஒன்றில் எல்லோரும் குறித்தவை எவ்வளவு வேறுபடுகின்றன என்று பாருங்கள்.

இரண்டாம் வாரம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம். வி.எஸ். நரசிம்மனின் வயலின் எங்கே சுரத்தை அசைக்கும் கமகத்தோடு வளைகிறது, எங்கே மேற்கத்திய முறையில் நேராக நிற்கிறது என்பது மட்டும் அந்த வாரத்துக்குப் போதும்.

மூன்றாம் வாரம் விலகிப் போனவரை வீட்டுக்கே போய் அழைத்து வந்து, கர்நாடக இசையையும் ஜாஸையும் கலந்த 'ஷக்தி' குழுவின் முதல் ஆல்பத்தைப் போடுங்கள். 1976இல் வந்தது, மேடையில் நேரடியாகப் பதிந்தது. கிட்டாரில் ஜான் மெக்லாக்லின், வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ஆர். ராகவன். இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, சுமார் 29 நிமிடம். ஒரு பக்கத்தில் இவ்வளவை அடைத்தால் பள்ளங்கள் நெருங்கி ஒலி அளவு இறங்கும். தட்டில் கேட்பவர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டும். அந்தக் குழுவில் மெக்லாக்லின் வாசித்த கிட்டாரில் சுரத்தை இழுத்து வளைக்க வசதியாக விரல் பலகையைக் குழிவாகச் செதுக்கி, ஒலித்துளைக்கு மேலே குறுக்காக ஏழு தந்திகள் கூடுதலாகப் பூட்டியிருந்தார்கள். கர்நாடக இசைக்காரர் அந்தக் கிட்டாரைப் பற்றி மட்டும் எழுதட்டும், ராக்காரர் கடத்தைப் பற்றி மட்டும் எழுதட்டும். இரண்டு நோட்டுகளையும் மாற்றிக்கொண்டு, அவரவர் குறித்த நிமிடங்களை மற்றவர் ஓட்டிக் கேட்கட்டும்.