வேலிப் பக்கம் பார்க்கும் பிள்ளை

கேள்வி: மகனுக்கு ஒன்பது வயது, தரம் 4. வகுப்பில் ஒரு இடத்தில் இருக்கமாட்டான், கொப்பியைப் பாதியில் விட்டுவிட்டு யன்னலைப் பார்ப்பான், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழும்புவான். இது ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் துடியாட்டமும் சேர்ந்த கோளாறு), டொக்டரிடம் காட்டிக் குளிசை எடுங்கோ என்கிறார் ரீச்சர். இரண்டாம் வகுப்பு வரை நல்லாய்ப் படித்தவன். போன வருசம் ஒரு இரவு யானை வந்து எங்கள் குசினிச் சுவரை இடித்தது. அதிலிருந்துதான் இப்படியோ என்று யோசிக்கிறேன். (ஒரு தாய், ஒட்டுசுட்டான், வன்னி)

பதில்: அம்மா, பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். "இரண்டாம் வகுப்பு வரை" என்றீர்களே, டொக்டரும் முதலில் அதைத்தான் கேட்பார். ஏ.டி.எச்.டி. ஒரு இரவில் வந்து ஒட்டிக்கொள்ளாது. அது மூளை வளர்ச்சியோடு வருகிற விசயம். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் வீடு, பள்ளிக்கூடம் என்று இரண்டு இடத்திலாவது, ஆறு மாதத்துக்குக் குறையாமல். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரைக் கேட்டால் பெரும்பாலும் "நடக்கத் தொடங்கின நாளிலிருந்து இவன் இப்படித்தான்" என்பார்கள்.

பயந்த பிள்ளையின் கவனமோ காவலுக்குப் போய்விடுகிறது. வெளியே சருகு அசைவது கேட்கிற காதில் ரீச்சரின் பெருக்கல் வாய்ப்பாடு விழாது. இரவில் அலறி எழும்புகிறானா, பொழுதுபட்டால் கிணற்றடிக்குத் தனியே போவானா, யானைவெடி கேட்டால் எங்கே ஒளிக்கிறான், அந்தக் குசினிக்குள் போக மறுக்கிறானா என்றெல்லாம் இரண்டு கிழமை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நித்திரை கெட்ட பிள்ளை அடுத்த நாள் சோர்ந்து கிடக்கும் என்று நினைக்கிறோம், பல பிள்ளைகள் அன்றைக்குத்தான் கூடத் துள்ளும்.

ரீச்சரில் பிழையில்லை, வகுப்பிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கவும் கூடும். அதனால் முன்பள்ளியில் எப்படி இருந்தான் என்று அம்மம்மாவிடமும் விசாரியுங்கள். காதையும் கண்ணையும் ஒருக்கால் சோதித்துவிடுங்கள்.

வன்னிப் பிள்ளை என்றதும் 2009 போரை இழுக்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. உங்கள் மகன் அதற்கு எவ்வளவோ பிந்திப் பிறந்தவன். ஆனால் நீங்கள்? யானை வந்த இரவு நீங்கள் எப்படிப் பதறினீர்கள், அவனை எங்கே இழுத்துக்கொண்டு ஓடினீர்கள் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துத்தானே ஆபத்தை அளக்கிறது.

சரி, குளிசை. மெதைல்பெனிடேற் ஏ.டி.எச்.டி.க்கு நல்ல மருந்துதான், யானைப் பயத்துக்கு அது மருந்தில்லை. பசியும் நித்திரையும் குறையலாம், இவனுக்கு நித்திரை ஏற்கெனவே குழம்பியிருந்தால் இன்னும் கரைச்சல். ஏ.டி.எச்.டி.யைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ கிடையாது, பேசித்தான் அறிய வேண்டும். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் தரம் 1, 2 தேர்ச்சி அறிக்கைகளையும் கொண்டுபோங்கள்.

அதுவரை ரீச்சரிடம் ஒன்று கேளுங்கள். துடியாட்டப் பிள்ளையை முன்வரிசையில் இருத்துவது வழக்கம், இவனை அங்கே இருத்தினால் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான். பின்னால் சுவர் இருக்கிற, வாசல் தெரிகிற இடமாய்ப் பார்த்து ஒரு கதிரை கொடுக்கட்டும்.