தினமும் 14 மணி நேரம் படிக்கிறேன், நீட் மாதிரித் தேர்வில் மார்க் ஏறவே இல்லை. என்ன செய்வது?

நீங்களும் என்னைப் போல மறுபடி தேர்வு எழுதும் ரிப்பீட்டர் என்றே நினைக்கிறேன். 14 மணி நேரக் கணக்கை என் அம்மாவும் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

2024-இல் முதல் தடவை எழுதியபோது, கஷ்டமானதை முதலில் முடிப்போம் என்று இயற்பியலில் இறங்கினேன். 200 நிமிடத்தில் 90 அங்கேயே கரைந்தது. 720-இல் 360 மார்க் உயிரியலுக்கு. அது கடைசியில் கிடந்தது. மணி அடித்தபோது விடைத்தாளில் 11 கேள்விகளுக்கான வட்டங்கள் காலி. வெளியே வந்து பார்த்தால் அதில் 8 தெரிந்த கேள்விகள். கேள்விக்கு 4 வீதம் 32 மார்க்!

அடுத்த வருடம் பெரம்பூரிலிருந்து கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், சொந்தப் புத்தகம் படிக்கும் பகுதியில் உட்கார்ந்தேன். அங்கே ஏசி. தேர்வோ மே மாத வெயிலில், மதியம் 2 மணிக்கு, சாப்பிட்டுக் கண் சொக்கும் நேரத்தில். அதனால் ஞாயிறுதோறும் வீட்டிலேயே அதே 2 மணிக்கு முழுத் தாள் எழுதினேன். ஓஎம்ஆர் விடைத்தாளை ஜெராக்ஸ் எடுத்து, கறுப்பு பால்பாயிண்டில் வட்டம் நிரப்பி. உயிரியல் முதலில், இயற்பியல் கடைசியில்.

திங்கள் முழுக்கப் புதுப் பாடம் கிடையாது. தப்பானவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, ஏன் தப்பு என்று பக்கத்தில் குறிப்பேன். பாடம் தெரியாமல் போனது பாதிகூட இல்லை. ‘தவறான கூற்று எது’ என்று கேட்டிருக்க, சரியானதைக் குறித்தவையே அதிகம். மார்க் ஏறியது அந்த நோட்டால்தான். 2025-இல் நேரத்தை 180 நிமிடமாக்கி, இயற்பியலையும் கடினமாகக் கேட்டார்கள். உயிரியலை முன்னாலேயே முடித்திருந்ததால் தப்பித்தேன்.

நீட்டுக்கு அடிப்படையான என்சிஇஆர்டி பாடப்புத்தகம் படிக்காமல் இதை மட்டும் செய்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். அப்புறம், ஆமாம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில்தான் மருத்துவப் படிப்பில் சேர்ந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, ஒதுக்கீடு சட்டப்படி எனக்கு உரியது. ‘ஓ, கோட்டாவா’ என்பவர்கள் எங்கள் பள்ளி லேபை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

கோச்சிங்கா? மூன்று மாதம் போனேன். அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம். வாராவாரம் மார்க் பட்டியலைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், என் பெயர் கடைசிப் பக்கத்தில். நின்றபோது ஒரு ரூபாய் திருப்பித் தரவில்லை. சீட் கிடைத்த மாதம், அப்பா பஸ்ஸிலிருந்து போன் செய்தார்: “டேய், உன் மூஞ்சி பேனர்ல இருக்குடா.” கோச்சிங் ஐடி கார்டுக்கு நான் கொடுத்த அதே போட்டோ.