நார்க்கழிவு போட்ட தோட்டத்தில் வாழை வெளுக்கிறதே?

கேள்வி: உடுமலை பக்கம் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு, ஊடுபயிராக நேந்திரன். பக்கத்து நார் மில்லில் சும்மா கிடக்கிறதே என்று, தேங்காய் மட்டையில் நார் பிரித்ததும் மிஞ்சும் தூளான நார்க்கழிவை லோடு லோடாக ஏற்றிவந்து கொட்டி, ரோட்டாவேட்டர் ஓட்டிய பிறகுதான் வாழை வைத்தேன். நான்கு மாதக் கன்று வெளுத்துப்போய் நிற்கிறது. இன்னும் ஒரு லோடு தோப்பு ஓரமாகக் கிடக்கிறது, அதை என்ன செய்வது? விழுகிற ஓலை, மட்டையை இதுவரை கொளுத்திவந்தேன். அதையும் உரமாக்க முடியுமா? மாடு இரண்டு இருக்கிறது.

பதில்: வணக்கம்ங்க. நீங்கள் அனுப்பிய படத்தில் கீழ் இலைகள்தான் வெளுத்திருக்கின்றன, குருத்து பச்சையாகவே இருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) போதாதபோது வாழை கிழட்டு இலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுக்கும். அதுதான் இது. பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. மருந்துக் கடைக்குப் போய்விடாதீர்கள்.

நார்க்கழிவு கெட்ட பொருள் அல்ல. பச்சையாக மண்ணுக்குள் போனதுதான் தப்பு. அதில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் (கார்பன்) சுமார் 112 பங்கு. அவ்வளவு கரிமத்தைத் தின்று தீர்க்க மண்ணில் உள்ள நுண்ணுயிரிகளுக்கும் தழைச்சத்து வேண்டும். நார்க்கழிவில் கிடைக்காததால், வாழைக்கு என்று நீங்கள் போட்ட யூரியாவில் கை வைத்துவிட்டன. இதையே உழாமல் தென்னை வட்டப்பாத்தியில் நாலு விரல் உயரத்துக்கு மேலாகப் பரப்பியிருந்தால் ஒரு தொந்தரவும் வந்திருக்காது. கோடையில் ஈரம் காக்க அதைவிட நல்ல மூடாக்கு கிடைப்பது கடினம். நானும் ஒருமுறை அவசரத்தில் கத்தரி நாற்றங்காலில் பச்சை நார்க்கழிவைக் கலந்து, நாற்று முழுவதையும் பிடுங்கிப் போட்டவன்தான்.

வாழைக்கு இப்போது செய்ய வேண்டியது: கொடுக்க வேண்டிய யூரியாவை மொத்தமாகப் போடாமல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உடனே பச்சை திரும்ப, லிட்டருக்கு 10 கிராம் யூரியா கரைத்து மாலை வேளையில் இலையில் தெளிக்கலாம். மாட்டுச் சாணத்தைக் கரைத்துப் பாசன நீரோடு விடுங்கள். மண்ணுக்குள் போனது மெல்ல மட்கி முடிந்ததும், பிடித்து வைத்த தழைச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். இலை ஓரம் கருகினால் மட்டும் உப்பைச் சந்தேகப்பட்டு மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

மீதி லோடுக்கு வருவோம். குழி வேண்டாம். தென்னை நிழலில், தண்ணீர் தேங்காத மேட்டில் 5 மீட்டருக்கு 3 மீட்டர் இடம் ஒதுக்குங்கள். 100 கிலோ நார்க்கழிவைப் பரப்பி, மேலே ஒரு பாக்கெட் சிப்பிக்காளான் வித்து தூவுங்கள். அடுத்த 100 கிலோவின் மேல் 1 கிலோ யூரியா. இப்படி மாற்றி மாற்றி அடுக்கினால் ஒரு டன்னுக்கு 5 பாக்கெட் வித்தும் 5 கிலோ யூரியாவும் ஆகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொன்ன முறைதான் இது. யூரியா வேண்டாம் என்றால் டன்னுக்கு 200 கிலோ புதுக் கோழி எரு கலக்கலாம். உங்கள் பக்கம் கோழிப்பண்ணைக்கா பஞ்சம்?

காளான் எதற்கு என்று கேட்பீர்கள். நார்க்கழிவில் லிக்னின் என்ற, மரத்துக்கு உறுதி கொடுக்கும் பொருள் அதிகம், கிட்டத்தட்ட 30 சதவீதம். சாதாரண நுண்ணுயிரிகளால் அதை லேசில் கடிக்க முடியாது. நார் மில் ஓரத்துக் குவியல் வருடக்கணக்கில் அப்படியே கிடப்பது அதனால்தான். மரத்தைத் தின்றே வாழும் சிப்பிக்காளானுக்கு அது பழகிய சாப்பாடு.

ஈரம்தான் இதில் பலரும் கோட்டைவிடும் இடம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள். இரண்டு மாதத்தில் குவியல் அமுங்கி, கறுத்து, சூடு தணிந்து, மழை பெய்த மண் போல வாசம் வரும். அப்போது கரிமம் 24 பங்காக இறங்கியிருக்கும், தழைச்சத்து கால் சதவீதத்திலிருந்து ஒரு சதவீதத்தைத் தொட்டிருக்கும். அதன்பிறகு தாராளமாக மண்ணில் கலக்கலாம். ஆனால் இதை நம்பி மற்ற உரத்தை நிறுத்திவிடாதீர்கள். இதன் பெரிய வேலை ஈரம் பிடிப்பதுதான். காய்க்கிற தென்னைக்கு வருடம் 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்ற கணக்கு அப்படியே இருக்கட்டும். இன்னொன்று, குவியலிலிருந்து சிவப்பாக ஒரு தண்ணீர் வடியும். அது கிணற்றுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓலையைக் கொளுத்துவதை இன்றோடு விடுங்கள். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு வருடம் 12 மட்டை என்றால் உங்கள் தோப்பில் நாலாயிரத்துக்கு மேல் வரும். கொளுத்தினால் சாம்பலில் பொட்டாஷ் மிஞ்சும். தழைச்சத்தும் கரிமமும் புகையோடு போய்விடும். மூடாக்காகப் போட்டது போக மீதியை நறுக்கி, எடையில் பத்தில் ஒரு பங்கு சாணம் சேர்த்து, கொஞ்ச நாள் ஊறவிட்டு மண்புழு விடுங்கள். யூட்ரிலஸ் இனப் புழுதான் தென்னை ஓலைக்குச் சரிப்படும், காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்ததும் அதைத்தான். ஏறக்குறைய மூன்று மாதத்தில் உரம் ஆகும்.

தோப்புக்குள் குவியல் வைக்கும்போது ஒரு பயம் உண்டு: தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு. மட்கும் குப்பையில்தான் அது முட்டை வைக்கும். புரட்டும்போது அரைவட்டமாகச் சுருண்ட தடித்த வெள்ளைப் புழு தென்பட்டால் பொறுக்கி எடுத்துவிட்டு, வேளாண் அலுவலகத்தில் அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கேட்டு வாங்கித் தண்ணீரில் கலந்து குவியலுக்குள் ஊற்றுங்கள். வீட்டில் நாட்டுக்கோழி இருந்தால், புரட்டுகிற அன்று காலையில் தீவனம் வைக்காமல் அந்தப் பக்கம் திறந்துவிடுங்கள்.