வேலை போனபின் மருத்துவக் காப்பீடு

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். ஆட்குறைப்பில் என் கணவர் வேலையை இழந்துவிட்டார். அவர் நிறுவனம் தந்த குடும்பக் காப்பீடும் இம்மாத இறுதியில் முடிகிறது. நான் ஏழு மாதக் கர்ப்பிணி. வேலை போனபின்னும் அதே காப்பீட்டைத் தொடர வழிசெய்யும் ‘கோப்ரா’ சட்டத்தின்படி வந்த கடிதத்தில் உள்ள பிரீமியத் தொகை மலைக்க வைக்கிறது. என் அலுவலகத்திலும் காப்பீடு உண்டு. கணவருடையது இருந்ததால் நான் அதில் சேரவில்லை. குறுகிய காலப் பாலிசியே போதும் என்கிறார் ஒரு நண்பர். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்த நண்பரின் யோசனையைக் கைவிடுங்கள். 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின் பாதுகாப்புகள் குறுகிய காலப் பாலிசிகளுக்குப் பொருந்தாது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி விண்ணப்பத்தை நிராகரிக்கவும், பிரசவச் செலவை விலக்கிவைக்கவும் அவற்றில் இடமுண்டு.

கோப்ரா தொகை பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், இதுவரை நிறுவனம் செலுத்திவந்த பங்கும் உங்கள் தலையில் விழுவதுதான். முழு பிரீமியத்துடன் நிர்வாகச் செலவுக்காக 2 சதவீதம் சேர்த்து வசூலிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதே பாலிசி, அதே மருத்துவர் என்பதோடு, இந்த ஆண்டு டிடக்டபிளுக்காக (காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நாம் கையிலிருந்து செலுத்த வேண்டிய தொகை) நீங்கள் ஏற்கெனவே செலுத்திய தொகையும் கணக்கில் நிற்கும். புதிய திட்டத்துக்கு மாறினால் பெரும்பாலும் அந்தக் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். பிரசவம் நெருங்கும் நேரத்தில் இது சிறிய விஷயமன்று.

உங்கள் அலுவலகத் திட்டத்தில் சேர ஆண்டுச் சேர்க்கைக் காலம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; கணவரின் காப்பீடு நின்றுபோவதே இடையில் சேரும் உரிமையைத் தருகிறது. கணவரையும் சேர்க்க உங்கள் திட்டம் அனுமதிக்கிறதா என்று மனிதவளத் துறையிடம் கேளுங்கள். ஆனால் கோப்ராவைத் தேர்வு செய்யவும், தனிநபர்கள் நேரடியாகக் காப்பீடு வாங்கும் அரசின் காப்பீட்டுச் சந்தையில் சேரவும் 60 நாள் கிடைக்கும் என்பதால், அலுவலகத் திட்டத்துக்கும் அதே அவகாசம்தான் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே சட்டம் உறுதியளிப்பது 30 நாள் மட்டுமே. அதைத் தவறவிட்டுத் தவிப்பவர்கள் பலர்.

ஆகவே கோப்ராவில் தொடரும் கணவரின் திட்டம், உங்கள் அலுவலகத் திட்டம் இரண்டின் விவரத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிரசவம் வரையிலான பிரீமியத்தோடு, ஆண்டில் உங்கள் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு செலவாகும் என்பதையும் கூட்டிப் பாருங்கள். உங்கள் மகப்பேறு மருத்துவரும் பிரசவ மருத்துவமனையும் அலுவலகத் திட்டத்தோடு ஒப்பந்தம் செய்துள்ளவர்களின் வலைப்பின்னலில் இல்லையென்றால், பிரசவம் வரை கோப்ராவில் தொடர்வதே நல்லது என்பேன். பொதுவாக, கோப்ராவை நாமாக இடையில் நிறுத்தினால் அதைக் காரணம் காட்டி வேறு திட்டத்தில் சேர முடியாது. ஆயினும் குழந்தைப் பிறப்பு தனியாக ஒரு சேர்க்கை உரிமையைத் தருவதால், உங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறக்கும்.

வருமானம் மிகவும் குறைந்துவிட்டால், குறைந்த வருமானமுள்ளோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டுக்கு எந்த மாதத்திலும் விண்ணப்பிக்கலாம். கர்ப்பிணிகளுக்கு அதன் வருமான வரம்பு சற்றுத் தாராளமானது. ஆனால் மாநிலத்தையும் குடியேற்ற நிலையையும் பொறுத்துத் தகுதி மாறும்.

எந்த வழியில் சென்றாலும், குழந்தை பிறந்த 30 நாளுக்குள் அதன் பெயரைக் காப்பீட்டில் எழுத்துமூலம் சேர்த்துவிடுங்கள். அலுவலகத் திட்டமாயின், அவ்வாறு சேர்த்தால் பிறந்த நாளிலிருந்தே குழந்தையின் செலவுக்குக் காப்பீடு செல்லுபடியாகும். பிறப்புச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காமல், முதலில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுச் சான்றிதழைப் பின்னர் தரலாமா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.