ஆங்கிளும் பந்தய வண்டியும்

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய மாட்டுக்கொட்டகையில், பைக் என்ஜின் வைத்து இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கட்டத் தொடங்கியிருக்கிறேன். அடிபட்ட ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக் ஒன்று விலைக்கு வருகிறது, கேடிஎம் 390 அதைவிட மலிவு. எதை வாங்கலாம்? பைக் கியரில் ரிவர்ஸ் கிடையாதே, அதற்கு என்ன செய்வது? பதிவெண் கிடைக்குமா? சேசிஸுக்கு, அதாவது வண்டியின் சட்டத்துக்கு, 50 மி.மீ. ஆங்கிள் (L வடிவ இரும்பு) வாங்கிப் போட்டுவிட்டேன், தெம்பாக இருக்கட்டும் என்று. பெயர் போட வேண்டாம், அப்பாவும் உங்கள் தளத்தைப் படிக்கிறார்.

அன்புள்ள தம்பி,

ரிவர்ஸுக்கு இறங்கித் தள்ளுங்கள். பதிவெண் கிடைக்காது, சோதனை நிறுவனத்தின் அங்கீகாரம் இல்லாத வண்டியை ஆர்டிஓ ஆபீஸில் பதிய மாட்டார்கள். ஓட்டத்தான் வேண்டும் என்றால் லாரியில் ஏற்றி கோவை செட்டிபாளையத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ போய், பந்தயத் தடத்தில் விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். ராத்திரி நாலுவழிச் சாலையில் ஒரு ரவுண்டு என்கிற நினைப்பு இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

அந்த 'தெம்பாக இருக்கட்டும்' இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தப் பதிலே. போன வாரம் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதே நினைப்புதான். அவனியாபுரம் பக்கம் எங்கள் மாமா நடுமாடு (பந்தயத்தில் நடுத்தரப் பிரிவில் ஓடும் மாடு) ஒரு ஜோடி வைத்திருந்தார். வண்டி செய்து கொடுத்த ஆசாரி ஏர்க்காலை இழைப்பார், கையில் தூக்கிப் பார்ப்பார், மறுபடி இழைப்பார், நாள் முழுக்க இதே வேலை. மாமாவுக்குப் பயம். ஆசாரிக்குத் தெரியாமல் பட்டறையில் கொடுத்து அச்சுக்கு இரும்புப் பட்டை போட்டு, சாரதி நிற்க தேக்குப் பலகையும் அடித்துவிட்டார். எல்கையைத் தொட்டுத் திரும்பும்போதே மாடு இரண்டும் நுரை தள்ளிவிட்டன. ஆசாரி வந்து வண்டியை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார். "நெல்லு மூட்டை ஏத்தவா வண்டி கேட்டீக?" அவ்வளவுதான் கேட்டார். மாமா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

கணக்குக்கு வாருங்கள். 6 மி.மீ. கனமுள்ள அந்த ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ. அதற்குப் பதில் 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனம், மீட்டருக்கு 1.2 கிலோகூட வராது. 40 மீட்டர் போகிறது என்று வையுங்கள், 180 கிலோ எங்கே, 47 கிலோ எங்கே! இவ்வளவு மெல்லிசுக் குழாய் தாங்குமா என்பீர்கள். நாலு குச்சியைச் சதுரமாகக் கட்டி மூலையில் அழுத்துங்கள், சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் அசையாது. எங்கெல்லாம் சதுரம் இருக்கிறதோ அங்கெல்லாம் குறுக்குக் குழாய் போட்டு முக்கோணம் ஆக்குங்கள், தெம்பு தானாக வரும். அதைவிட்டு, எடையை ஏற்றினால் பிரேக் பெரிதாக வேண்டும், டயர் பெரிதாக வேண்டும், அதையெல்லாம் இழுக்க என்ஜின் பெரிதாக வேண்டும், அந்த என்ஜினைத் தாங்க மறுபடி ஆங்கிள் வாங்கப் போவீர்கள். மாருதி 800 சுமார் 650 கிலோ, 37 குதிரைத்திறன். இன்டர்செப்டர் 47. உங்கள் வண்டி 400 கிலோவில் முடிந்தால் கிலோவுக்குக் கிடைக்கும் சக்தி மாருதியைப்போல இரண்டு மடங்கு. அதே 650 கிலோவுக்குக் கொண்டுபோனால், நீங்கள் கட்டுவது கூரையில்லாத, ரிவர்ஸும் இல்லாத ஒரு மாருதி 800. கிளட்ச் வேறு இருக்கிறது. 200 கிலோ சொச்சம் பைக்கை நகர்த்தச் செய்தது அது, பாரம் ஏறினால் கிளம்பும்போதெல்லாம் தேயும்.

எந்த என்ஜின் என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா, எதுவானாலும் சரி, என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வையுங்கள். பைக் வளைவில் சாய்வதால் ஆயில் அடியிலேயே நிற்கும். கார் அப்படிச் சாயாது, ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும், என்ஜின் போய்விடும்.

ஆங்கிளைத் திருப்பிக் கொடுங்கள், கடைக்காரர் திட்டினாலும் பரவாயில்லை.

அப்புறம், கொட்டகையில் இத்தனை இரும்பு வந்து இறங்கியது அப்பாவுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? அங்கே கடைசியாகக் கட்டியிருந்த மாடு எது என்று அவரிடம் கேளுங்கள். பந்தய மாடாக இருந்தால் எனக்கு அவசியம் எழுத வேண்டும்.