ஞாயிறு ரோஸ்டரும் தோமஸ் அக்குவினாஸும்

அன்பின் அண்ணா,

நான் வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டியில ஒரு ஐடி கொம்பனியில சப்போர்ட் டீமில இருக்கிறன். அடிக்கடி ஞாயிறு டியூட்டி விழும், அது பாவமா? கொஞ்ச காலமா யூடியூப்பில பழைய லத்தீன் பூசை, தோமஸ் அக்குவினாஸ் எண்ட மத்தியகாலப் புனிதற்ற தத்துவம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன், ராவு ஒரு மணி ரெண்டு மணி ஆகுது. அதுகளப் பாத்தபிறகு அம்மா சொல்லுற செபமாலை, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிட்டப் போறது எல்லாம் வெறும் பழக்கமாத் தெரியுது. உண்மையான பழைய விசுவாசத்தோட வாழ வேணுமெண்டா சாமியாராத்தான் போகவேணுமா? தத்துவம் வாசிச்சா விசுவாசம் போயிடும் எண்டு ஒரு பிரெண்ட் சொல்லுறான். அதோட ஒரு சின்ன விஷயம், தவக்கால வெள்ளியில டீம் லஞ்சுக்குப் போய் இறைச்சி வேண்டாம் எண்டா பகிடி பண்ணுறாங்கள், என்ன செய்யிறது?

ஒரு வாசகர், கொழும்பு 6

தம்பி,

முதல்ல ஞாயிறு. இது உங்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை, 1966இல இருந்து 1971 வரைக்கும் இந்த நாட்டில ஞாயிறு லீவே இல்லை, போயாவும் அதுக்கு முதல் நாளும்தான் வார லீவு, ஞாயிறு சாதாரண வேலை நாள். எங்கட வீட்டுப் பெரியாக்கள் விடியப்பூசை கண்டிட்டு அப்பிடியே ஒபிசுக்கு பஸ் ஏறின கதையெல்லாம் சொல்லுவினம். இப்ப உங்களுக்கு அதைவிட லேசு, திருச்சபைச் சட்டம் 1248இன்படி சனி பின்னேரப் பூசை கண்டாலும் கடமை நிறைவேறும். அதுவும் ஏலாத ரோஸ்டர் எண்டா பங்குச் சுவாமியிட்டக் கதையுங்கோ, நியாயமான காரணத்துக்கு விலக்குத் தர அவருக்கு அதிகாரம் இருக்கு. அக்குவினாஸே ஓய்வுநாள் கட்டளையப் பற்றி எழுதேக்க, கடவுளுக்கெண்டு நேரம் ஒதுக்கிறது மாறாத கடமை, எந்த நாள் எண்டது அந்த மாதிரி இல்லை எண்டு பிரிச்சுத்தான் சொல்லுறார். அதுக்காக ஞாயிறு எந்த நாளா இருந்தாலும் பரவாயில்லை எண்டு எடுக்காதேங்கோ, டியூட்டி இல்லாத ஞாயிறில லப்டொப்பத் திறக்காமல் இருந்து பாருங்கோ, பூசை காணுறதைவிட அதுதான் கஷ்டம்.

சாமியாராப் போறதைப் பற்றி. தேவ அழைத்தல் இருந்தா போங்கோ, ஒபிஸ் வாழ்க்கை அலுத்துப்போய் போகவேண்டாம். பிரான்சிஸ் சலேசியார் எண்ட மேற்றிராணியார் 1609இலயே குடும்பஸ்தர், உத்தியோகக்காரர் மாதிரி ஆக்களுக்கெண்டு ஒரு பக்திப் புத்தகம் எழுதினவர், அதில அவர் கேக்கிறார், மேற்றிராணியார் காட்டுத் துறவி மாதிரித் தனிமையில இருந்தா, கலியாணம் முடிச்சவன் கப்புச்சின் துறவி மாதிரி ஒண்டும் சேத்து வைக்காட்டி, தொழிலாளி நாள் முழுக்கக் கோவிலில கிடந்தா அது என்ன பக்தி, ஆக்கள் சிரிக்க மாட்டினமோ எண்டு. அவரவர் அந்தஸ்துக்குரிய கடமையைக் கெடுக்கிற பக்தி பொய்ப்பக்தி எண்டு அடிச்சுச் சொல்லுறார். இதை 1964இல, உலகத்து ஆயர்கள் கூடின வத்திக்கான் சங்கமும் திரும்பச் சொன்னது, எல்லா அந்தஸ்திலயும் உள்ளவைக்குப் புனிதத்துக்கு அழைப்பு இருக்கெண்டு. அதை ஏதோ புது ஐடியா எண்டு சில 'பாரம்பரிய' சனலுகள் கதைக்கிறதைப் பாக்க எனக்குக் கொஞ்சம் கோவம் வாறது, சலேசியார் பழசு இல்லையோ?

இனி அந்த ராவு ரெண்டு மணி. நீங்கள் போறபோக்கில சொல்லிட்டுப் போயிட்டீங்கள், ஆனா எனக்கு உங்கட கடிதத்தில முக்கியமாப் பட்டது அதுதான். அக்குவினாஸ் அறிவுத்தேடலுக்கே ஒரு ஒழுங்கு வேணும் எண்டவர், தனக்குக் கட்டாயமான படிப்பை விட்டிட்டு பிரயோசனம் குறைஞ்சதுக்குப் பின்னால ஓடுறதை ஒரு குற்றமாவே எழுதி வைச்சிருக்கிறார், விஷயம் நல்லதா இருந்தாலும். லத்தீன் பூசைச் சண்டை கிளிப்புகளைப் பாத்திட்டு அடுத்த நாள் டெஸ்கில நித்திரை தூங்கி, வீட்டில செபமாலைக்குக் கூப்பிடேக்க போனோட இருந்தா, அக்குவினாஸின்ட பேரால அக்குவினாஸ் சொன்னதுக்கு எதிராத்தானே நடக்கிறீங்கள்.

பழக்கம் எண்டு எழுதினீங்கள். அது ஏன் கேவலமான விஷயம்? அக்குவினாஸின்ட கணக்கில நல்லொழுக்கம் எண்டதே ஆத்துமத்தில ஊறின ஒரு பழக்கம்தான், நீதியும் மனத்திடமும் திரும்பத் திரும்பச் செய்யச் செய்யத்தான் வரும். விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் மூண்டும் கடவுள் தாறது, அதை நாங்கள் உழைச்சு எடுக்க ஏலாது, ஆனா தந்ததைப் பேணுறதுக்கு அம்மாட செபமாலையைவிட வேற என்ன இருக்கு சொல்லுங்கோ. 1656இல கொழும்பும் 1658இல யாழ்ப்பாணமும் ஒல்லாந்தரிட்டப் போச்சு, கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தியாச்சு, கிட்டத்தட்ட 30 வருஷம் வீடுகளில சாதாரண ஆக்கள்தான் செபத்தைச் சொல்லி விசுவாசத்தைக் காப்பாத்தினவை. 1687இல யோசவ்வாஸ் முனிவர் எண்ட கத்தோலிக்கக் குருவானவர் பிச்சைக்காரன் வேஷத்தில வந்து, கழுத்தில செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாப் போய், அதைப் பாத்து ஆர்ட முகம் மாறுதெண்டு கவனிச்சுத்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடிச்சாராம். பிறகு 2015 ஜனவரி 14இல காலிமுகத்திடலில அவரைப் புனிதராக்கினது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். பழைய விசுவாசம் தேடுறீங்கள் எண்டா இது உங்கட சொந்தப் பழசு, தம்பி. லத்தீன் பூசையில ஆசை இருக்கிறது பிழையில்லை, நான் அதுக்கு எதிரியுமில்லை, 2021க்குப் பிறகு றோமாபுரி அதுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கு, ஆயர் சொல்லுறபடி நடவுங்கோ. அம்மாவைக் கீழாப் பாக்க வைக்கிற ஆசையா மட்டும் அது மாறவேண்டாம்.

பிரெண்டுக்கு ஒரு பதில். அக்குவினாஸின்ட பெரிய புத்தகமான 'சும்மா தியோலொஜியே'யில கடவுள் இருக்கிறாரா எண்ட கேள்வி 'கடவுள் இல்லைப்போலத்தான் தெரியுது' எண்டுதான் தொடங்குது. உலகத்தில தீமை இருக்கே எண்டு ஒரு மறுப்பு, இயற்கையையும் மனுஷ புத்தியையும் வைச்சே எல்லாத்தையும் விளக்கலாமே எண்டு இன்னொண்டு, உங்கட பிரெண்ட் சொல்லக்கூடியதை 13ஆம் நூற்றாண்டிலயே அவர் தானே எழுதி வைச்சிட்டுத்தான் மறுமொழி சொல்லுறார். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பில ஒருத்தருக்கும் அந்த முதல் மறுப்பு வெறும் புத்தகக் கேள்வியா இருக்க ஏலாது, அதால அதுக்கு அவர் சொல்லுற மறுமொழியை அவசரப்படாமல் வாசியுங்கோ, தீமையிலயிருந்தும் நன்மையை எடுக்கிற அளவுக்குக் கடவுள் வல்லவர் எண்டு அகுஸ்தீனாரை வைச்சு ரெண்டே வரியில சொல்லுறார், எனக்கு அது முதல் வாசிப்பில போதாமல்தான் இருந்தது, இப்பவும் சில நாளில போதாது. அதால விசுவாசம் போகேல்லை. வீடியோவை விட்டிட்டு ஒரு நாளைக்கு ஒரு கேள்வி வாசியுங்கோ, பகலில.

டீம் லஞ்ச் விஷயம் லேசு. சுத்தபோசனத்தில, அதாவது தவக்கால வெள்ளியில இறைச்சி விடுற ஒழுங்கில, விலக்கினது இறைச்சி, மீனுமில்லை முட்டையுமில்லை. பிரசங்கம் ஒண்டும் வைக்கவேண்டாம், ஓடர் எடுக்க வரேக்க மீன் பிரியாணி எண்டு சொல்லுங்கோ, ஆரும் கேட்டா தவக்காலம் எண்டு சொல்லிட்டுச் சாப்பிடுங்கோ.